மேடை உண்டு, வகுப்பறை இல்லை
பரிந்துரைகளில் மட்டும் வாழும் பள்ளி நாடகக் கல்வி

புது தில்லி: மாண்புமிகு அவைத் தலைவருக்கு வயது பதினைந்து. நிதியமைச்சர் பத்தாம் வகுப்பு மாணவர். எதிர்க்கட்சித் தலைவியோ வேதியியல் செய்முறை வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்திருக்கிறார். புதிய உறுப்பினரின் பதவியேற்பு, மறைந்த தலைவருக்கு இரங்கல், கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முறைப்படி நடந்தேறுகின்றன. இடையில் கூச்சல் எழுந்தால் அவைத் தலைவர் மணியடித்து அமைதிப்படுத்துகிறார். நிஜ அவையில் அந்த மணிக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் மரியாதை இங்கே கிடைக்கிறது.

தலைநகரின் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியில் காணக் கிடைக்கும் காட்சி இது. 1962-ல் மும்பையில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரையை ஏற்று, 1966-67-ல் தில்லிப் பள்ளிகளில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் கேந்திரீய வித்யாலயாக்களுக்கும் நவோதயா பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. நாடாளுமன்ற நடைமுறையைப் பாடப் புத்தகத்தில் படிப்பதைக் காட்டிலும், அந்த இருக்கையில் அமர்ந்து நடித்துப் பார்த்தால் அது மாணவர் மனத்தில் ஆழப் பதியும் என்பதே இதன் அடிப்படை. சுருங்கச் சொன்னால், நடிப்பு என்பது கல்வி புகட்டும் வழி என்பதை அரசு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால், போட்டி முடிந்து அதே மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினால், அவர்களது கால அட்டவணையில் நாடகம் என்ற பாட வேளை பெரும்பாலும் இருப்பதில்லை. அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியரும் இல்லை. ஆண்டு விழா நெருங்கும்போது மொழி ஆசிரியர் ஒருவர் இரண்டு வாரம் ஒத்திகை பார்ப்பார். அதற்கான நேரமும் உடற்கல்வி வகுப்பிலிருந்து கடன் வாங்கப்பட்டதாக இருக்கும். நன்றாகப் பேசத் தெரிந்த ஐந்தாறு பேருக்கு வேடம் கிடைக்கும். ஏனையோர் மரமாகவும் படைவீரராகவும் நின்றுவிட்டு இறங்குவர். நாட்டின் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் நாடகக் கல்வி என்பது இவ்வளவுதான்.

பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை

சுதந்திர இந்தியாவின் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த முதல் ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-ல் அவர் அளித்த அறிக்கை, உயர்நிலை மாணவர்களுக்கு ஏழு பாடப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அவற்றுள் ஒன்று நுண்கலை. அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் நிகராக நுண்கலைக்கு ஓர் இருக்கை தரப்பட்டது அந்நாளில் துணிச்சலான சிந்தனை. எனினும் ஓவியம், சிற்பம், இசை, நடனம் என அப்பிரிவில் அடுக்கப்பட்ட பாடங்களில் நாடகத்துக்கு இடமில்லை.

அடுத்த திருப்பம் மாநிலங்களவையில் நேர்ந்தது. சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1986-ல் நியமன உறுப்பினரானார். அவர் தமது கன்னிப் பேச்சில் சர்வதேச விவகாரத்தையோ இலக்கியத்தையோ தொடவில்லை. புத்தகப் பையின் சுமையால் கூனிப்போகும் பிள்ளைகளைப் பற்றியும், விளையாடவும் கனவு காணவும் நேரமின்றிக் கழியும் அவர்களது குழந்தைப் பருவத்தைப் பற்றியும் பேசினார். அப்பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகவே பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சுமையில்லாக் கல்வியை வலியுறுத்தி 1993-ல் அது அறிக்கை அளித்தது. நியமன உறுப்பினர்களின் பேச்சால் பயன் ஏதுமில்லை என்று கருதுவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

அதே யஷ்பால் தலைமையில் உருவான 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புதான் நாடகத்துக்கு முதன்முறையாகத் தெளிவான இடத்தைக் கேட்டது. இசை, நடனம், காட்சிக் கலை, நாடகம் ஆகிய நான்கையும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும், மேல்நிலையில் விருப்பப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 2019-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கலைக் கல்விக்கு வாரத்துக்குக் குறைந்தது இரு பாட வேளைகள் ஒதுக்குமாறு பள்ளிகளைப் பணித்தது. அந்தச் சுற்றறிக்கையிலும் நாடகம் நான்கில் ஒன்று. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்கு அப்பாற்பட்டது என்றும் பிரித்துவைக்கும் சுவர் கூடாது என்றது. 2023-ல் வெளியான பள்ளிக் கல்விக்கான கலைத்திட்ட வடிவமைப்பு, கலைக் கல்வியைத் தனிப் பாடப் பகுதியாகவே வகுத்தது. 2024-ல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கலைப் பாடநூலில் நாடகத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு.

ஆக, ஆவணங்களில் நாடகம் படிப்படியாக ஏறி வந்திருக்கிறது. பள்ளி வாசலில் அதை வழிமறிப்பது எது?

பணியிடம் இல்லாத பாடம்

விடை, அரசு அலுவலகங்களில் மிகவும் பழக்கமான ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: பணியிடம். நம் நாட்டில் ஒரு பாடம் உயிர் பெறுவது கொள்கை அறிக்கையில் அன்று. அதற்கென அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களின் பட்டியலில். கேந்திரீய வித்யாலயாக்களில் ஓவியம் சார்ந்த கலைக் கல்விக்கு ஆசிரியர் உண்டு. தொடக்க நிலையில் இசைக்கு ஆசிரியர் உண்டு. நாடகத்துக்கு அத்தகைய பணியிடம் இல்லை. தமிழக அரசுப் பள்ளிகளிலும் ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர்கள் உண்டு, நாடகத்துக்கு இல்லை.

நாடாளுமன்றமே இயற்றிய சட்டமும் இதில் அரைவாசி தூரம்தான் வந்தது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நடுநிலைப் பிரிவுகளில் கலை, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பகுதிநேரம் என்ற சொல்லின் விளைவைத் தமிழக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2012-ல் தலா ரூ. 5 ஆயிரம் தொகுப்பூதியத்தில் தமிழகத்தில் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், பணி நிரந்தரம் கோரி ஆண்டுக்கணக்கில் போராடியதை அவர்கள் அறிவர். அந்த நியமனத்திலும் ஓவியம், இசை, தையல், கணினி எல்லாம் இருந்தன, நாடகம் இல்லை. மேலும், அச்சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. குரல் மாறி, கூச்சம் வளர்ந்து, தன்னைப் பற்றிய ஐயங்கள் பெருகும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்தான் நாடகத்தின் தேவை அதிகம். அங்கே சட்டத்தின் துணையே இல்லை.

விருப்பப் பாடமாக வைத்துப் பார்த்த முயற்சியும் நிலைக்கவில்லை. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் அரங்கியல் என்ற பாடத்தை 2010-களில் அறிமுகப்படுத்தியது. போதிய மாணவர்கள் சேராத நிலையில், வேறு சில விருப்பப் பாடங்களோடு சேர்த்து அதுவும் கைவிடப்பட்டது. மாணவர் சேரவில்லை என்று காரணம் கூறுவது எளிது. கற்பிக்க ஆசிரியர் இல்லாத, பட்டப் படிப்பு சேர்க்கையில் பயன் தருமா என்று தெரியாத பாடத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பெற்றோர் தேர்ந்தெடுத்துத் தருவார்கள்?

இதற்கிடையே, வசதி படைத்தோரின் பிள்ளைகள் நாடகத்தைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் நிகழ்த்துகலைப் பாடங்களுள் ஒன்றாக நாடகம் உண்டு. பெருநகரங்களின் சர்வதேசப் பள்ளிகள் பின்பற்றும் ஐ.பி. பட்டயத் திட்டத்திலும் அரங்கியல் ஒரு முழுப் பாடம். கூட்டத்தின் முன் தடுமாறாமல் பேசவும், எதிராளியின் கோணத்தில் நின்று பார்க்கவும், குழுவாக ஒரு பணியை முடிக்கவும் ஒரு சாராரின் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி கிடைக்கிறது. வீட்டிலும் தெருவிலும் குரலை உயர்த்திப் பேசவே அஞ்சும் முதல் தலைமுறை மாணவருக்கு ஆண்டு விழாவில் மரம் வேடம் கிடைக்கிறது. பின்னாளில் நேர்முகத் தேர்வு அறையில் இருவரும் எதிரெதிரே அமரும்போது, அந்த இடைவெளிக்கு ஆளுமைத் திறன் குறைபாடு என்று நாகரிகமாகப் பெயர் சூட்டுகிறோம்.

இரு அமைச்சகங்களுக்கு நடுவே

தலைநகரின் மண்டி ஹவுஸ் வட்டாரத்தில், பகவான் தாஸ் சாலையில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959-ல் சங்கீத நாடக அகாதெமியின் அங்கமாகத் தொடங்கப்பட்டு, 1975-ல் தன்னாட்சி பெற்றது. அதன் மூன்றாண்டுப் பட்டயம் முதுகலைப் பட்டத்துக்கு நிகரானதாக ஏற்கப்பட்டுள்ளது. 1989-ல் இப்பள்ளி, கல்வியில் நாடகம் என்ற நோக்கத்துடன் சம்ஸ்கார் ரங் டோலி என்ற குழுவைத் தொடங்கியது. தில்லி நாடக உலகில் பலரை உருவாக்கிய பேரி ஜான் இதன் முதல் இயக்குநர். நடிகர்களே ஆசிரியர்களாகவும் இருக்கும் இக்குழு, பள்ளிப் பிள்ளைகளுக்காக நாடகங்களை உருவாக்குகிறது. எட்டு முதல் பதினாறு வயது வரையிலானோருக்குக் கோடை விடுமுறைப் பட்டறைகளையும் நடத்தி வந்துள்ளது. ஆனால், ஒரு நகரின் கோடைப் பட்டறையில் சில நூறு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கலாம். நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களோ கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

இங்கேதான் நிர்வாகச் சிக்கல் தலைதூக்குகிறது. தேசிய நாடகப் பள்ளி கலாசார அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பள்ளிக் கல்வி, கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு. நாடகம் தெரிந்தவர்கள் ஒரு கட்டடத்தில். பள்ளிகளின் சாவி வேறொரு கட்டடத்தில். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தாலும், கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ளன என்ற வழக்கமான வாசகத்துடன் பதில் முடிந்துவிடுவது அவை நடவடிக்கைகளைக் கவனிப்போர் அறிந்ததே. 1976-ன் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்த மத்திய அரசு, பணியிடம் என்ற பேச்சு வரும்போது மட்டும் மாநிலங்களை நோக்கிக் கைகாட்டுவது விந்தை.

அவையில் நாடகம் அறிந்தோர் இல்லாமலும் இல்லை. பிரித்விராஜ் கபூர், ஹபீப் தன்வீர், சோ ராமசாமி என மேடையில் வாழ்ந்தவர்கள் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்களாக இருந்திருக்கிறார்கள். சத்தீஸ்கரின் கிராமியக் கலைஞர்களை வைத்தே உலக மேடைகளில் நாடகம் நடத்திய தன்வீர் 1972 முதல் 1978 வரை உறுப்பினர். மேடைக்கு அவையில் மரியாதை கிடைத்தது. வகுப்பறையில் அதற்கு இடம் மட்டும் கிடைக்கவில்லை.

பரிசுக்காக ஒரு கலை

இந்த வெற்றிடத்தைப் போட்டிகள் நிரப்புகின்றன. கேரளத்தின் மாநிலப் பள்ளிக் கலோத்ஸவம் 1957 முதல் நடந்துவரும் பெருவிழா. நாடகம் அதில் ஆவலோடு எதிர்பார்க்கப்படும் போட்டி. 2015-ல் மத்திய அரசு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகக் கலா உத்ஸவத்தைத் தொடங்கியபோது, இசை, நடனம், காட்சிக் கலையோடு நாடகத்துக்கும் இடமளித்தது. தமிழக அரசும் 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி வருகிறது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. கிராமத்துப் பள்ளி மாணவி மாநில மேடையில் ஏறுவது சிறிய செய்தி அன்று.

ஆயினும், போட்டி என்பது கல்வியின் இறுதிக் கட்டமாக இருக்கலாமே தவிர, கல்விக்கு மாற்றாக முடியாது. பரிசு நோக்கமாகும்போது, ஏற்கெனவே திறமையுள்ள பிள்ளையைத் தேடி எடுத்து மெருகேற்றும் வேலைதான் நடக்கும். திக்கிப் பேசும் பிள்ளைக்கு அங்கே இடமிருக்காது. வெளியிலிருந்து பயிற்சியாளரை அமர்த்தவும் உடை, அரங்க அமைப்புக்குச் செலவிடவும் முடிந்த பள்ளி முந்திக்கொள்ளும். கலா உத்ஸவத்திலேயே சில ஆண்டுகளில் நாடகம், தனிநபர் நடிப்பு என்ற பிரிவாகச் சுருங்கியது. பலர் சேர்ந்து உருவாக்குவதையே உயிராகக் கொண்ட கலையை ஒருவருக்கான போட்டியாக மாற்றினால் மதிப்பெண் இடுவது எளிது. கற்பதற்கு மிச்சம் என்ன இருக்கும்?

சாந்திநிகேதன் காட்டிய வழி

தேர்வும் பரிசும் இல்லாமல் பள்ளியில் நாடகத்துக்கு இடமளித்த முன்னோடி நம் நாட்டிலேயே உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கினார். 1908-ல் அங்கு அரங்கேறிய சாரதோத்ஸவ், பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அவர் எழுதிய நாடகம். இலையுதிர் கால விடுமுறைக்கு முன் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடித்தனர். ஒப்பனைக்கும் திரைச்சீலைக்கும் பெரும் பொருள் செலவிடப்படவில்லை.

1912-ல் வெளிவந்த அவரது டாக்கர், அதாவது அஞ்சல் நிலையம் என்ற நாடகம், நோயுற்ற சிறுவன் அமலைப் பற்றியது. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் தடை விதிக்க, அவன் சன்னலோரம் அமர்ந்து தெருவில் போவோர் வருவோருடன் பேசிப் பேசியே உலகத்தைத் தன்னிடம் வரவழைக்கிறான். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1942 ஜூலை 18-ஆம் தேதி, நாஜிகளால் அடைக்கப்பட்ட வார்சா நகர யூதக் குடியிருப்பில், மருத்துவரும் கல்வியாளருமான யானுஷ் கோர்சாக் தமது அநாதை இல்லத்துப் பிள்ளைகளைக் கொண்டு இந்நாடகத்தை மேடையேற்றினார். சில வாரங்களில் அப்பிள்ளைகளும் அவரும் ட்ரெப்ளிங்கா மரண முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வங்கத்துப் பள்ளிக்கூடக் கவிஞரின் படைப்பு, அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு சன்னலைத் திறந்துவைத்தது. நாடகத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

நல்ல நாடக வகுப்பில் நடப்பதும் அதன் எளிய வடிவம்தான். முதல் சில வாரங்களுக்கு வசனமே இருக்காது. வட்டமாக நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது, மூச்சை அடக்கிக் குரலை எழுப்புவது, கண்ணை மூடித் தோழன் கைப்பிடித்து நடப்பது எனத் தொடங்கும். பிறகு ஒரு சூழல் தரப்படும்: நியாயவிலைக் கடை வரிசை, நீர் வராத தெருக் குழாய், பேருந்து நடத்துநரோடு சில்லறைத் தகராறு. கடைக்காரராக நடித்த மாணவி அடுத்த சுற்றில் வரிசையில் நிற்கும் மூதாட்டியாவாள். ஒரே சிக்கலை இரு பக்கமிருந்தும் உணர்வது அப்போது கைவரும். நாடகத்தைக் கொண்டு வரலாறும் மொழியும் கற்பிப்பது இதன் அடுத்த படி.

அச்சமும் அதிகாரமும்

நாடகம் வகுப்பறைக்குள் வராததற்கு வெளிப்படையாகச் சொல்லப்படாத இன்னொரு காரணமும் உண்டு. நாடகம் கேள்வி கேட்கும். அதிகாரத்துக்கு அது என்றுமே உவப்பானதன்று. வெள்ளையர் ஆட்சி 1876-ல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், சுதந்திரத்துக்குப் பின்னும் எழுபது ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் கிடந்தது. காலாவதியான சட்டங்களை நீக்கும் மசோதாவில் அதையும் சேர்த்து 2017 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் விடைகொடுத்தது. தமிழகம் 1954-ல் இயற்றிய தனிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, பத்திரிகையாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது.

சட்டம் போனாலும் அச்சம் போகவில்லை. 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் நகரில் ஒரு பள்ளியின் மாணவர்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை விமர்சித்து நடித்த நாடகத்துக்காக, தேசத் துரோக வழக்கு பதிவாயிற்று. தலைமை ஆசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைதாயினர். நாடகத்தில் நடித்த பிள்ளைகளைப் போலீஸார் மீண்டும் மீண்டும் விசாரித்தனர். 2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. அதே நேரத்தில், நடப்பு அரசியலைப் பள்ளி நாடகங்களில் தவிர்ப்பது நல்லது என்ற கருத்தையும் தெரிவித்தது.

இதில் இரு தரப்பும் சிந்திக்க வேண்டியது உண்டு. பெரியோரின் அரசியலைப் பிள்ளைகளின் வாயில் திணிப்பது கல்வியாகாது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அதற்கான தீர்வு பள்ளிக்குள் போலீஸாரை அனுப்புவதன்று. பிள்ளைகள் தாமே கண்டு, தாமே கேட்டு, தாமே எழுதும் நாடகத்துக்கும், பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் பயிற்சி பெற்ற நாடக ஆசிரியர். அத்தகையோர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால், எது கல்வி, எது பிரசாரம் என்ற கேள்வி ஆசிரியர் அறையிலேயே விவாதிக்கப்படும். காவல் நிலையம் வரை போகாது.

செய்து காட்டியவர்கள்

முடியாத காரியமும் அன்று. வழக்கும் கைதும் நிகழ்ந்த அதே கர்நாடகம் இதில் முன்மாதிரியாகவும் திகழ்கிறது. ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீனாசம் அமைப்பு 1980-ல் நாடகப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. மைசூரில் பி.வி. காரந்த் 1989-ல் ரங்காயணத்தை நிறுவினார். இத்தகைய பயிற்சிக் களங்கள் இருந்ததால், அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் நாடக ஆசிரியர்களை நியமிக்க அம்மாநிலத்தால் முடிந்தது. எண்ணிக்கை சிறிதே. எனினும் அது ஊதியப் பட்டியலில் இடம்பெற்ற பணியிடம்.

கடலுக்கு அப்பால் இலங்கையில், நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தைத் தமிழ் வழி மாணவர்கள் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பொதுத் தேர்வுக்கே எழுதுகிறார்கள். பள்ளியில் பாடம் இருப்பதால் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு இருக்கிறது; பட்டதாரிகள் இருப்பதால் பள்ளிக்கு ஆசிரியர் கிடைக்கிறார்கள். நம் நாட்டிலோ பணியிடம் இல்லாததால் பட்டதாரி வருவதில்லை. பட்டதாரி இல்லை என்று காட்டிப் பணியிடம் மறுக்கப்படுகிறது.

தேர்வுப் பாடமாக்கினால் நாடகமும் வினா-விடை உரைநூலாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அது நியாயமான அச்சமே. ஆகவே, மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியவை மூன்று. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கலைக் கல்விக்கு ஒதுக்கிய இரு பாட வேளைகள் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறாமல் இருக்க வேண்டும். மத்திய அரசு தன் நேரடிப் பொறுப்பில் உள்ள கேந்திரீய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடத்தை உருவாக்கி மாநிலங்களுக்கு வழிகாட்ட வேண்டும். தேசிய நாடகப் பள்ளியின் கல்விக் குழுவையும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களையும் இணைத்து, பள்ளி நாடக ஆசிரியருக்கான பயிற்சியை இரு அமைச்சகங்களும் கூட்டாக வகுக்க வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தலாம் என்று 2020-ன் கொள்கையே கூறுகிறது. தெருக்கூத்தும் யட்சகானமும் நௌடங்கியும் அறிந்த மூத்தோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை மற்றுமொரு பகுதிநேரப் பட்டியலில் தள்ளிவிடாமல் இருந்தால் போதும்.

கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமின்றியே நிறைவேறிவிடுகிறது. விவாதத்துக்கு வரும் ஆண்டில், கட்சி வேறுபாடின்றி உறுப்பினர் ஒருவர் எழுந்து, மத்திய அரசின் பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடம் எத்தனை என்று கேட்கலாம். பதில் ஒற்றை எண்ணாக அவைக் குறிப்பில் ஏறும். அந்த எண்ணிலிருந்து விவாதம் தொடங்கட்டும். இளைஞர் நாடாளுமன்றத்தின் பதினைந்து வயது எதிர்க்கட்சித் தலைவி இக்கேள்வியை எப்போதோ கேட்டிருப்பார். எழுதிக் கொடுத்த கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்லாமல் இருந்திருந்தால்.